பேரும் பேரேடும்: ஊவாத் தோட்டங்களின் செக்ரோல் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டப்புறங்களின் பேச்சுவழக்கில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் எளிதில் தராத ஒரு பொருளுண்டு. "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்று ஒரு தொழிலாளி மற்றொருவரை வினவும்போது, அன்றைய நாளின் வேலை கணக்கிற் பதியப்பட்டதா என்பதையே அவர் கேட்கின்றார். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் விழுவது 'அரைப்பேர்'. மாத முடிவில் ஒருவருக்கு இருபது பேர் என்றால் இருபது நாட் சம்பளம் என்பதே கருத்து. ஆளின் பெயரும் ஆளின் ஒருநாள் உழைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போன இந்நிலை தற்செயலாக நேர்ந்ததன்று. அச்சொல்லின் பின்னே ஒரு புத்தகம் இருக்கின்றது. தோட்டக் காரியாலயத்தின் செக்ரோலே அப்புத்தகம்.

பெருந்தோட்ட வரலாற்றை எழுதப் புகுந்தோர் செக்ரோலைச் சான்றாகக் கையாண்டிருப்பினும், அதன் அமைப்பையே ஆய்வுப் பொருளாகக் கொண்டோர் சிலரே. ஓர் ஆவணத்தில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைப் போலவே, அதில் எதற்கு இடம் விடப்பட்டது, எதற்கு விடப்படவில்லை என்பதும் வரலாற்று வினாவேயாகும். ஊவாவின் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கான விடை பல்லாயிரம் குடும்பங்களின் நாட்டுரிமையோடு பிணைந்திருந்தது.

ஊவாவிற் பெருந்தோட்டம் கோப்பியுடன் தொடங்கிற்று. அக்கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் அவதானிக்கப்பட்டதும் ஊவாவின் மடுல்சீமையிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. கோப்பி வீழ்ந்தபின் தேயிலை எழுந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, அல்துமுல்லை எனப் பரந்து கிடந்த தோட்டங்களுக்குத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்தோர், தனித்தனி ஆட்களாக அன்றிக் கங்காணியின் கீழமைந்த கூட்டங்களாகவே வந்தனர். தோட்டத்தின் கணக்குமுறை இக்கூட்டத்தையே அடிப்படை அலகாகக் கொண்டது.

செக்ரோலின் பக்கம் அகன்றது. இடப்புறத்தில் இலக்கம், அதனையடுத்துப் பெயர். பின்னர் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை நாட்களுக்குரிய சிறு கட்டங்கள். வலப்புறத்தில் மொத்தப் பேர், சம்பள வீதம், உழைத்த தொகை. அதன்பின் கழிவுகள்: அரிசி, முற்பணம், கம்பளி முதலியவை. ஈற்றிற் கைக்குக் கிடைக்கும் மிகுதி. பெயர்கள் அகரவரிசையில் அமைவதில்லை. கங்காணி வாரியாகவே அடுக்கப்பட்டன. விடியற்காலைப் பிரட்டிலே ஆள் எண்ணப்பட்டு, மலையிலே கைச்செக்ரோலிற் பென்சிலாற் குறிக்கப்பட்டு, மாலையிற் காரியாலயத்துப் பெரிய புத்தகத்துக்கு மாற்றப்பட்டது ஒவ்வொரு நாளும். வேலைக்கு வந்த ஒவ்வொரு பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டாகையால், கட்டத்தில் விழும் ஒவ்வொரு குறியும் இருவருடைய வருவாயைத் தீர்மானித்தது. எழுதியவர் கிளாக்கர், எழுதிய மொழி ஆங்கிலம். தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டதைத் தானே வாசித்தறியும் வாய்ப்பு அவ்வரிக்குரியவருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை.

சம்பள வீதத்துக்குரிய பகுதியும் ஒரு சமூக வரலாற்றைச் சொல்வதாகும். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் வழி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆண், பெண் வேற்றுமை தோட்டச் சம்பளத்திலிருந்து நீங்கியது 1984இலேயே. கொழுந்து பறித்த கை பெரும்பாலும் பெண்ணுடையது என்பதை நினைவிற்கொண்டு இவ்வெண்களை நோக்குதல் வேண்டும்.

இனி, இவ்வமைப்பின் இயல்பை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துக்கு வெகு தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு துணைசெய்கின்றது. பல பொருள்களை ஒன்றாய்க் கட்டி, வேண்டியபோது ஒவ்வொன்றையும் தனித்தெடுக்கும் வகையில் அடையாளமிட்டு வைத்தல் எந்தத் தொகுப்புக்கும் பொதுவான சிக்கலாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் உருவாக்கிய யுனிக்ஸ் என்னும் கணினி இயக்கமுறையும் இதனை எதிர்கொண்டது. 1971 நவம்பரில் வெளிவந்த அதன் முதற் கைந்நூலிலேயே 'ஏ.ஆர்.' என்னும் கட்டளை இடம்பெறுகின்றது. பல கோப்புகளை ஒரே கோப்பாகத் தொகுப்பது அதன் தொழில். முதலில் எண்குறிகளாலமைந்த அதன் வடிவம், பின்னர் எவரும் கண்ணால் வாசிக்கக்கூடிய எழுத்து வடிவம் பெற்று இன்றும் வழக்கிலுள்ளது.

அதன் கட்டமைப்பு எளிமையானது. தொகுப்பின் தொடக்கத்தில் இஃது இன்ன வகைத் தொகுப்பு என்று அறிவிக்கும் எட்டு எழுத்துகள் நிற்கும். அதன்பின் ஒவ்வொரு கோப்பும் தனக்கு முன்னே அறுபது எழுத்து நீளமான ஒரு தலைப்பைத் தாங்கி வரும். அவ்வறுபதில் முதற் பதினாறு பெயருக்கு; அடுத்த பன்னிரண்டு தேதிக்கு; ஆறும் ஆறும் உரிமையாளருக்கும் அவர் சார்ந்த குழுவுக்கும்; எட்டு அனுமதி விவரத்துக்கு; பத்து கோப்பின் அளவுக்கு; இறுதி இரண்டு தலைப்பு முடிந்தது என்னும் அடையாளத்துக்கு. தலைப்பைத் தொடர்ந்து கோப்பின் உள்ளடக்கம். அதன் நீளம் ஒற்றைப்படையாயின் இரட்டையாக்குவதற்கு ஓர் எழுத்து சேர்க்கப்படும். பெயர் குறுகியதாயின் எஞ்சிய இடம் வெற்றிடத்தால் நிரப்பப்படும்.

இங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று, ஒரு கோப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதை முன்னுள்ள அளவு மட்டுமே சொல்கின்றது. ஓரிடத்தில் அளவு பிழைத்தால் அதற்குப் பின்னுள்ளவை கெடாமலே இருந்தும் அவற்றைச் சென்றடையும் வழி தவறிப்போகின்றது. மற்றொன்று, தலைப்பிலுள்ள புலங்கள் நிலையானவை. அமைத்தவர் எதனைத் தேவையெனக் கருதினாரோ அதற்கே இடமுண்டு. பதினாறு எழுத்துக்கு மேற்பட்ட பெயர் வரக்கூடும் என்பது தொடக்கத்தில் எவருக்கும் பெருங்கவலையாகத் தோன்றவில்லை.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. கோப்புக்குப் பசியில்லை, அதற்குப் பிள்ளைகளுமில்லை. எனினும் நிலையான புலங்களாலான ஒரு பதிவு எவ்வாறு பார்க்கின்றது, எவ்வாறு பாராமற்போகின்றது என்பதை இவ்வியந்திர எடுத்துக்காட்டு தெளிவாக்குகின்றது. செக்ரோலும் அத்தகையதே. அதன் வரி ஒரு தலைப்பு. இலக்கம், பெயர், கங்காணி, நாள், தொகை என்பவற்றுக்கு அதில் இடமுண்டு. பிறந்த ஊர், தாய் தந்தையர், மணம், தோட்டத்துக்கு வந்த ஆண்டு என்பவற்றுக்கு அதில் இடமில்லை. அவை தோட்டத்தின் வேறு ஏடுகளிலோ, அரசாங்கப் பதிவாளரின் ஏட்டிலோ, எங்குமே இல்லாமலோ இருந்தன.

இதே நோக்கிற் 'துண்டு' முறையும் ஆராயத்தக்கது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பிய கங்காணிக்குத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. இவ்வளவு ரூபா கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். புதிய துரை அக்கடனை இறுத்துக் கூட்டத்தைப் பெற்றுக்கொள்வார்; கடன் புதிய தோட்டத்தின் ஏட்டிலே ஏறும். தலைப்பிலே தொகுப்பின் பெயரும் மொத்த அளவும் இருக்க, உள்ளிருப்போரின் பெயர்கள் அற்றுப்போன ஒரு பதிவு இது. எவருடைய கடன் எவ்வளவு என்பதனை அறிந்தவர் கங்காணி ஒருவரே. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டுமுறையைத் தடைசெய்தது. தோட்டத்தை நோக்கிய பயணத்தில் அணிவிக்கப்பட்ட தகரத் துண்டையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். 1901 அளவில் நடைமுறைக்கு வந்த அத்தகட்டிற் பொறிக்கப்பட்டவை எழுத்தும் எண்ணுமே. வழியிலிருந்த அலுவலர்கள் ஆளைத் தோட்டத்துக்கு அனுப்பவும், செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதவும் அதுவே போதுமாயிற்று.

செக்ரோல் வெறுங் கணக்கு மட்டுமன்று. அது சட்டக் கருவியுமாயிருந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டத்தின் பதிவேட்டிற் பெயர் இருந்து அரிசியோ பணமோ முற்பணமாகப் பெற்ற ஒருவர் மாத ஒப்பந்தமொன்றைச் செய்துகொண்டவராகவே கருதப்பட்டார். கையொப்பம் வேண்டியதில்லை, ஏட்டிலுள்ள பெயரே ஒப்பந்தம். அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகல்வது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஆகவே, பேர் விழுதல் கூலியைத் தந்தது. அதே பேர் ஆளைக் கட்டியும் வைத்தது. தோட்டத்துக்கு ஒருவரைக் கட்டிவைக்க ஏட்டிலுள்ள பெயர் எவ்வித ஐயமுமின்றிப் போதிய சான்றாயிருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவிலிருத்துதல் நன்று. அறுபது ஆண்டுகளின் பின் அதே பெயர் அவருக்கு உதவ வேண்டியிருந்தபோது நிலைமை வேறாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்தமையை நிறுவுமாறு கோரிற்று. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு வதிவை அறுத்துவிடும். அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் குடியுரிமையற்றோரின் வாக்கை நீக்கியது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னரே விண்ணப்பிக்கத் தூண்டியமையால், 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளில் முடிவுற்ற காலக்கெடுவின் இறுதிப் பகுதியில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேரின் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த விசாரணைகளின் முடிவிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே.

இவ்விசாரணைகளில் வதிவைக் காட்டும் சான்றாகத் தோட்டத்தின் ஏடுகள் முன்வைக்கப்பட்டபோதுதான் செக்ரோலின் அமைப்பு தன் விலையைக் கேட்டது. மூன்று இடங்களில் இதனைக் காணலாம்.

பெயரை முதலில் நோக்கலாம். தோட்டப் பெயர்கள் சிலவற்றுக்குள்ளேயே சுழல்பவை. ஒரே கங்காணியின் கீழ் மாரியாயிகளும் முத்துசாமிகளும் பலராயிருப்பர். 'பெரிய', 'சின்ன' என்னும் அடைகளாலோ தந்தையின் பெயராலோ அவர்களை வேறுபடுத்துவது கணக்குக்குப் போதுமானது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர் மாறும்போது எழுத்துக்கூட்டலும் மாறிற்று. செக்ரோலில் ஒன்று, பிறப்புப் பதிவில் இன்னொன்று, மணப்பதிவு இருப்பின் அதில் மூன்றாவது. சம்பளத் தினத்தன்று இவை எவையும் சிக்கலாகவில்லை; ஏனெனிற் பெயரை அழைத்ததும் ஆள் முன்வந்து நின்றார். விசாரணை அலுவலரின் மேசையில் ஆளைவிட எழுத்தே வலிமை பெற்றது. பெயரிலும் வயதிலும் கண்ட சிறு முரண்களும் நிராகரிப்புக்குக் காரணங்களாயின.

இடம்பெயர்வு அடுத்தது. பசறையில் வேலை செய்து, மணமாகி அப்புத்தளைக்குப் போன ஒரு பெண்ணை எண்ணுக. பசறைத் தோட்டத்தின் செக்ரோலில் அவளுடைய வரி ஒரு மாதத்தில் நின்றுபோகின்றது. அப்புத்தளைத் தோட்டத்தில் வேறோர் இலக்கத்துடன், கணவன் குடும்பத்தின் கங்காணியின் கீழ் ஒரு புதிய வரி தொடங்குகின்றது. இரண்டு ஏடுகளையும் இணைக்கும் சொல் எதுவும் இரண்டிலும் இல்லை. ஒவ்வொரு தோட்டமும் தன்னளவில் முற்றுப்பெற்ற ஒரு தொகுப்பு; அடுத்த தோட்டம் அதற்கு வெளியுலகம். இடையறாத வதிவு என்பது ஏடுகளுக்கு இடையிலேதான் நிகழ்ந்தது. அதனைப் பதிந்த ஏடு எதுவுமில்லை.

மூன்றாவது, வெற்றுக் கட்டம். நாட்கட்டம் ஒன்று வெறுமையாயிருப்பின் அதற்குப் பொருள் என்ன? நோயா, பேறுகாலமா, துரை வேலை கொடாத நாளா, இந்தியாவிலுள்ள ஊருக்குப் போன பயணமா? கூலிக்கணக்குக்கு இவையெல்லாம் ஒன்றே. பேர் இல்லை, அவ்வளவுதான். வதிவை ஆராய்பவருக்கோ இவற்றுள் ஒன்று மட்டும் உயிர்நிலையானது. அந்த வேறுபாட்டைக் கட்டம் காக்கவில்லை. காக்கவேண்டுமென அதனிடம் எவரும் முன்னர் கேட்டதுமில்லை.

செக்ரோலை இங்கே குற்றவாளியாக்குவது எளிது, ஆனாற் சரியன்று. கூலியைக் கணக்கிட அமைந்த ஏடு கூலியைக் கணக்கிட்டது. அதனிடம் அது தாங்காத செய்தியைக் கேட்டு, அது தராதபோது அக்குறையை ஏட்டின் மேலன்றி ஆளின் மேலே சுமத்தியமையே குற்றமாகும். இவ்விடத்தில் மீண்டும் ஏ.ஆர். தொகுப்பை நோக்குவது பயனுடையது. பதினாறு எழுத்து போதாதென்பது நாளடைவில் வெளிப்பட்டபோது அதனைக் கையாண்டோர் இருவகைத் தீர்வுகளைக் கண்டனர். ஒரு மரபினர் நீண்ட பெயர்கள் யாவற்றையும் ஒரு தனி உறுப்பாகத் தொகுப்புக்குள்ளேயே வைத்து, பெயருக்குரிய இடத்தில் 'பெயர் அங்கே இத்தனையாம் இடத்திற் காண்க' என்னும் குறிப்பை எழுதினர். பெர்க்கிலிப் பல்கலைக்கழக மரபினர் நீண்ட பெயரை உள்ளடக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதி, அதன் நீளத்தைத் தலைப்பிற் குறித்தனர். அறுபது எழுத்துத் தலைப்பு இரண்டிலும் மாறவில்லை. பழைய தொகுப்புகளும் வாசிக்கப்படக்கூடியனவாகவே நின்றன. பெயர் நீண்டமைக்காக எந்தக் கோப்பும் வெளியே தள்ளப்படவில்லை. ஏட்டின் குறை ஏட்டுக்குள்ளேயே திருத்தப்பட்டது.

இலங்கையில் அத்தகைய திருத்தம் வந்துசேர நாற்பது ஆண்டுகளாயின. இடையில் 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரை 525,000, 300,000, 150,000 எனப் பகுத்தது. இறுதித் தொகுதி 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. துண்டுச் சீட்டை அறிந்தவருக்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றாது. கூட்டத்தின் மொத்தம் முதலில் எழுதப்பட்டது. பெயர்கள் பின்னர் தேடப்பட்டன. பதுளையிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து தலைமன்னார்த் துறையை நோக்கிச் சென்றன.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த 506,000 பேர் நீங்கலாக எஞ்சிய நாடற்றோரை இலங்கைப் பிரசைகளாக்கிற்று. அதன்கீழ் ஒருவர் தம் நிலையைச் சத்தியக் கடதாசியின் மூலம் கூறமுடிந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமையை விரித்தது. ஏடு சொல்லாததை ஆள் சொல்லலாம் என்பதைச் சட்டம் இறுதியில் ஏற்றுக்கொண்டது எனலாம். 1951இல் இதனை ஏற்க என்ன தடை இருந்தது என்பதற்கு ஆவணவியலில் விடையில்லை; அவ்விடை அரசியலில் உள்ளது.

இதற்கிடையே ஏடுகளின் உடைமையும் மாறிவந்தது. கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஊழியர் சேமலாப நிதிக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் பெயர் ஒத்திருக்கவேண்டிய இக்காலத்தில், முதுமையில் ஓய்வுபெறும் தொழிலாளி பழைய எழுத்துக்கூட்டலோடு இன்னும் போராட நேர்கின்றது.

செக்ரோல் தொழிலாளரை எண்ணியது; லயத்தில் வாழ்வோரை எண்ணவில்லை. ஒரு காலத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால் வேறுபாடு புலப்படவில்லை. பின்னர் லயத்தில் வாழ்ந்தும் தோட்டத்தில் வேலை செய்யாதோர் பெருகினர்: பாடசாலைப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற முதியோர், கொழும்புக் கடைகளில் வேலை செய்து விடுமுறைக்கு வந்துபோகும் இளைஞர், மத்திய கிழக்குக்குப் போன பெண்கள். 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தைப் பிரிவில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் நாட்களில் வெளிவந்த எண்கள் பல நூறிலிருந்து தொடங்கி மிகக் கீழே இறங்கின. அன்று காலை எவர் கொழுந்துக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் புறப்பட்டிருந்தது, எவர் வெளியூரிலிருந்து வந்து லயத்திற் தங்கியிருந்தார் என்பதைத் தப்பிப் பிழைத்த அயலவர்களும் உறவினரும் ஒவ்வொரு காம்பறாவாக நினைவுகூர்ந்து சொல்லவேண்டியிருந்தது.